ராமு ஆட்டைத் தின்றானா?

ஓர் ஆங்கில வாக்கியத்தைத் தமிழ் எழுத்தில் தருகிறேன். வாய்விட்டு, கொஞ்சம் வேகமாகப் படியுங்கள், கண்ணுகளா.

வைல் ராமு வாஸ் ஈட்டிங் த கோட் ரேன் அவே.

நடுவில் இடறியிருக்குமே! ராமு ஆட்டைத் தின்றுகொண்டிருக்கிறான் என்றுதான் மனசு முதலில் நினைக்கும். 'ரேன் அவே' வந்ததும் குழம்பிப்போகும். தின்ற ஆடு எப்படி ஓடும்? இப்போது 'ஈட்டிங்' என்ற சொல்லை அடுத்து ஒரு கமா போடுங்கள். ராமு பாட்டுக்குச் சோறு சாப்பிடுகிறான், ஆடு பாட்டுக்குக் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடுகிறது. ஒரே ஒரு கமாவால் ஓர் ஆடு பிழைத்தது.

அந்த இடறலின்போது உங்கள் கண் என்ன செய்தது தெரியுமா? வரியின் மேல் கண் வழுக்கிக்கொண்டே போகிறது என்றுதான் நாம் நினைக்கிறோம். அப்படி இல்லை. அது வெட்டுக்கிளி மாதிரி தாவித் தாவிப் போகிறது. 1879-இலேயே பிரான்சில் எமில் ஜவால் என்ற கண் மருத்துவர் இதைப் பற்றி எழுதிவிட்டார். ஆங்கிலம் படிக்கும் பெரியவர்களின் கண் ஒரு தாவலுக்குச் சராசரியாக ஏழெட்டு எழுத்து கடக்கும். பிறகு கால் நொடி போல ஓரிடத்தில் நிற்கும். நிற்கும்போதுதான் படிக்கிறோம், தாவும் நேரத்தில் கண்ணுக்கு எதுவும் தெளிவாகத் தெரிவதில்லை. நிற்கும்போதும் கூர்மையாகத் தெரிவது கொஞ்சம்தான். கையை நீட்டிப் பிடித்தால் கட்டைவிரல் நகம் எவ்வளவு இடத்தை மறைக்குமோ, ஏறக்குறைய அவ்வளவு.

நம்பிக்கை வரவில்லையா? பழைய செய்தித்தாள் ஒன்றை எடுத்து, நடுவில் பென்சில் நுழையும் அளவுக்கு ஓட்டை போடுங்கள். நண்பனிடம் கொடுத்து, முகத்துக்கு நேரே விரித்துப் பிடித்துப் படிக்கச் சொல்லுங்கள். நீங்கள் பின்பக்கமிருந்து ஓட்டை வழியாக அவன் கண்ணைப் பாருங்கள். கருவிழி டக், டக் என்று தாவுவது தெரியும். வரி முடிந்ததும் ஒரே தாவாகத் தாவி அடுத்த வரிக்கு வரும். எங்கேயாவது புரியாமல் போனால் வந்த வழியே பின்னால் போகும். ஆய்வுக்கூடங்களில் இதே வேலையை அகச்சிவப்பு ஒளியும் கேமராவும் வைத்துச் செய்கிறார்கள். ராமுவின் ஆடு மாதிரியான வாக்கியங்களைக் கொடுத்தால், சிக்கலான இடத்தில் கண் அதிக நேரம் நிற்கிறது, அடிக்கடி பின்னோக்கித் தாவுகிறது. கமா இருந்தால் அந்த வீண் அலைச்சல் குறைகிறது.

இனி அதே செய்தியைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். 'ராமு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஆடு ஓடிவிட்டது.' கமா இல்லை, குழப்பமும் இல்லை. 'போது' வந்ததுமே முதல் பாதி முடிந்தது என்று தெரிந்துவிடுகிறது. ஆட்டைத் தின்றிருந்தால் 'ஆட்டை' என்று வந்திருக்கும். ஓடுகிற ஆடு வெறும் 'ஆடு'. ஆங்கிலத்திலோ தின்னப்பட்டாலும் 'கோட்'தான், ஓடினாலும் 'கோட்'தான். ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஆங்கிலத்தில் நம் வேற்றுமை உருபு மாதிரி விகுதிகள் நிறையவே இருந்தன. பெரும்பாலானவை உதிர்ந்துபோயின. அவை செய்த வேலையைச் சொற்கள் நிற்கும் வரிசை தலையில் போட்டுக்கொண்டது. வரிசை திணறும் இடத்தில் கமா வந்து கை கொடுக்கிறது.

நம் ஊர்ப்பக்கப் பழைய எழுத்துகளில் கமாவைத் தேடினால் கிடைக்காது. நொய்யல் கரையில் உள்ள கொடுமணலில் தோண்டியெடுத்த பானை ஓடுகளில் தமிழ்-பிராமி எழுத்தில் ஆட்களின் பெயர்கள் இருக்கின்றன. வெறும் பெயருக்குக் கமா எதற்கு? ஈரோட்டுக்குப் பக்கத்தில் அறச்சலூர் மலையில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. ஆடலுக்கோ இசைக்கோ உரிய அசைகளை வரிக்கு ஐந்து எழுத்தாக ஐந்து வரி வெட்டியிருக்கிறார்கள். இடமிருந்து வலமாகப் படித்தாலும் மேலிருந்து கீழாகப் படித்தாலும் ஒரே மாதிரி வரும். எங்கே நிறுத்த வேண்டும் என்பதை அந்தக் கட்டமே சொல்லிவிடுகிறது. பலே கெட்டிக்காரர்கள்!

ஆனால் ஓலைச்சுவடி படித்தவர்கள் பாடு திண்டாட்டம்தான். ஓலை கிழிந்துவிடும் என்று மெய்யெழுத்தின் புள்ளியைக்கூட விட்டுவிடுவார்களாம். குறில் எகரத்துக்கும் அக்காலத்தில் புள்ளி உண்டு. அதையும் விட்டால் சிங்காநல்லூர் ஏரியும் அடுப்பில் எரியும் 'எரி'யும் ஒன்றாகிவிடும். 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் ஏகாரத்துக்குத் தனி வடிவம் தந்து இதைத் தீர்த்தார். 19ஆம் நூற்றாண்டில், அச்சுப் புத்தகங்கள் பெருகியபோது, யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் தமிழ் உரைநடையில் நிறுத்தக்குறிகளை நிறையப் பயன்படுத்தினார்.

சரி, வீட்டுப்பாடத்துக்கு வருவோம். "ஏனுங் மிஸ், மூச்சு வாங்கற எடத்துல எல்லாம் கமா வெச்சுட்டாப் போதாதுங்களா?" என்று வகுப்புக்கு ஒருவராவது கேட்பார்கள். கேள்வியில் தப்பில்லை. பழைய கிரேக்கர்கள் இதைத்தான் செய்தார்கள். அலெக்சாந்திரியா நூலகத்தின் தலைவராக இருந்த அரிஸ்டோஃபனீஸ், 2,200 ஆண்டுகளுக்கு முன்பு, வரியில் மூன்று உயரங்களில் புள்ளி வைத்து எங்கே எவ்வளவு நிறுத்த வேண்டும் என்று காட்டினார். அப்போது படிப்பது என்றால் பெரும்பாலும் உரக்கப் படிப்பது. இன்றைய ஆங்கிலக் கமா பெரும்பாலும் மூச்சைப் பார்ப்பதில்லை, வாக்கியத்தின் எலும்புக்கூட்டைப் பார்க்கிறது.

'மை அங்கிள்ஸ் நியூ ஷாப் இன் காந்திபுரம் இஸ் வெரி பிக்.' காந்திபுரம் வருவதற்குள் மூச்சு முட்டுகிறதா? முட்டட்டும். அங்கே கமா போட்டால் சிவப்பு மைதான். எதைப் பற்றிப் பேசுகிறோமோ அதற்கும் அதன் வினைச்சொல்லுக்கும் நடுவில் ஒற்றைக் கமா கூடாது. என்னைக் கேட்டால், நீங்கள் வாங்கும் சிவப்புச் சுழிகளில் பாதி இந்த ஒன்றால்தான்.

பாட்டில் இது தலைகீழாக நடக்கும். வேர்ட்ஸ்வொர்த் எழுதி 1807-இல் அச்சான 'டாஃபடில்ஸ்' பாட்டை ஒப்பிக்கும்போது வரிக்கு வரி நிறுத்துகிறோம். புத்தகத்தைத் திறந்து முதல் வரியின் கடைசியைப் பாருங்கள். குறியே இருக்காது! அந்த வரியில் ஒரு மேகம் வருகிறது; அது எங்கே மிதக்கிறது என்பது அடுத்த வரியில்தான் வருகிறது. வரி முடியும் இடத்தை விட்டுவிட்டு, குறி இருக்கும் இடத்தில் மட்டும் நிறுத்தி ஒருமுறை படியுங்கள். ஒப்பிக்கிற ராகம் போய், ஒருவர் பேசுவது காதில் விழும்.

கடைசியாக ஒரு புதிர். சனிக்கிழமை மிஸ் கரும்பலகையில் 'நோ ஹோம்வொர்க் டுடே' என்று எழுதினார். வகுப்பே கைதட்டியது. உடனே அவர் சாக்பீஸால் ஒரே ஒரு கமா சேர்த்தார், கைதட்டல் நின்றுபோனது. எங்கே சேர்த்திருப்பார்?