ஷாங் பட்டறையின் வெண்கலம்

பீன்யாவில் ஃபவுண்டரி வேலை பார்க்கும் தம்பிகளுக்குச் சீன வரலாறு சொல்வதென்றால் ஷாங் அரசர்களிடமிருந்து தொடங்கலாம். ஏறக்குறைய கி.மு. 1600 முதல் 1046 வரை வட சீனத்தை ஆண்டவர்கள். வெண்கல வார்ப்பில் அசகாய சூரர்கள். டீ ஆறுவதற்குள் சொல்லிவிடுகிறேன்.

நம் சுவாமிமலை ஸ்தபதி மெழுகில் உருவம் பிடிப்பார். மேலே காவிரி வண்டலைப் பூசிச் சூடேற்றுவார். மெழுகு உருகி ஓடிய இடத்தில் உலோகம் இறங்கும். ஆறியதும் மண்ணை உடைக்க வேண்டும். சோழர் காலச் செப்புத் திருமேனிகளும் மெழுகில் பிறந்தவையே.

ஷாங் கைவினைஞர் வழி வேறு. களிமண்ணில் பேட்டர்ன் செய்து, அதன்மேல் ஈரக் களிமண்ணை அப்பி, இறுகும் பதத்தில் துண்டு துண்டாக அறுத்து எடுத்தார்கள். அவற்றைச் சுட்டு, நடுவில் கோர் வைத்து, மறுபடி பூட்டி ஊற்றினார்கள். கோர் நகராமலிருக்க இடையில் சிறு வெண்கலத் துண்டுகள். ஆமாம், நீங்கள் வைக்கிற சாப்லெட்டேதான்!

மோல்டுத் துண்டுகள் சேரும் கோட்டில் உலோகம் பிதுங்குமே, அதை இங்கே கிரைண்டரில் தேய்த்துத் தள்ளுவோம். அவர்களோ அந்தக் கோட்டின்மேலேயே செங்குத்தான விளிம்பு எழுப்பி அலங்காரமாக்கினார்கள். விலங்கு முகம் ஒன்று இருபுறமும் சரிபாதியாக விரியும். பட்டறைச் சிக்கலிலிருந்து ஒரு கலை பிறந்தது என்றே சொல்வேன்.

1939இல் ஆன்யாங்கில் கிடைத்த நான்கு கால் பாத்திரத்தின் உயரம் 133 செ.மீ., எடை சுமார் 833 கிலோ. இத்தனை உலோகத்தைத் திரட்டி ஊற்ற, செம்பும் வெள்ளீயமும் உலையும் ஆட்களும் ஒரே கையில் இருக்க வேண்டும். அந்தக் கை அரசனுடையது. பாத்திரங்கள் முன்னோருக்குச் சோறும் மதுவும் படைக்க.

முன்னோரிடம் கேள்வியும் கேட்டார்கள். மாட்டின் தோள் எலும்பையும் ஆமையின் வயிற்று ஓட்டையும் சூடேற்றி, விழும் விரிசலில் பதில் பார்த்தார்கள்: மழை வருமா, போரில் வெல்வோமா, பிரசவம் நலமா? கேள்வியை அதிலேயே பொறித்தும் வைத்தார்கள். இன்றைய சீன எழுத்துக்கு அதுவே மூதாதை. வூ திங் அரசனின் மனைவி ஃபூ ஹாவ் படை நடத்திய செய்தி அந்த எலும்புகளில் இருக்கிறது. 1976இல் அவள் கல்லறையைத் தோண்டியபோது 400க்கும் மேற்பட்ட வெண்கலப் பொருள்கள் கிடைத்தன.

ஷாங் ஆட்சியைச் சோ மன்னர்கள் வீழ்த்தினார்கள். உலைகள் அணையவில்லை, அதே துண்டு மோல்டில் சோ பட்டறைகளும் வார்த்தன, பாத்திரத்தின் உள்ளே நீண்ட வாசகங்களும் சேர்த்து.