கண்மாய் மீன் பலனைப் பெருக்கும் விதம்

மதுரையைச் சுற்றியுள்ள கண்மாய்களில் கோடையில் ஜலம் வற்றும் தறுவாயில் மீன்பிடித் திருவிழா நடப்பது யாவரும் அறிந்த விஷயம். ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசிச் சைகை காட்டியதும், ஊத்தா, கச்சா, வலை முதலியவற்றுடன் சுற்றுக் கிராமத்தார் அனைவரும் சேற்றில் இறங்குவர். சில வருஷங்களில் ஆளுக்கொரு கூடை மீன் கிடைக்கும். சில வருஷங்களிலோ நாள் முழுதும் சேற்றை உழக்கியும் விரல் நீள ஜிலேபிக் கெண்டையன்றி வேறொன்றும் அகப்படாது. மீன்பாசிக் குத்தகை எடுத்தவர் கதியும் இதுவே. "இவ்வருஷம் கண்மாய்க்கு ராசியில்லை" என்று சொல்லிவிட்டு, அடுத்த வருஷத்திற்கு இன்னும் சிறிய கண்ணுள்ள வலையை வாங்குகிறார்கள். ராசிக்கும் வலைக்கும் இதிலுள்ள பங்கு சொற்பமே. பங்குனியில் கிடைக்கும் மீன் எவ்வளவு என்பது கார்த்திகையிலேயே பெரும்பாலும் தீர்மானமாகிவிடுகிறது.

நீலகிரியில் தூண்டிலிட்டு டிரௌட் மீன் பிடிப்பவர்கள் தங்கள் தூண்டிலின் நயத்தையும் கைத்திறமையையும் பற்றி வெகுநேரம் பேசுவார்கள். ஆனால் அம்மீன் அம்மலைக்கு உரியதன்று. 1907-ஆம் வருஷத்தில் அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைத்து, குஞ்சு பொரித்து ஓடைகளிலும் ஏரிகளிலும் விட்டதனால்தான் தூண்டிலுக்கு வேலை உண்டாயிற்று. அது குளிர்ந்த ஜலத்தில் மட்டுமே பிழைக்கும் ஜாதியாதலால் நமது சமவெளிக்கு உதவாது. இட்டவனுக்கே எடுக்கக் கிடைக்கும் என்ற வழக்கம் மட்டும் இரண்டிடத்திற்கும் பொது.

நமது கண்மாய்களுக்கு ஏற்றவை கட்லா, ரோகு, மிர்கால் என்னும் பெருங்கெண்டைகள். கட்லா மேல்மட்டத்திலும், ரோகு நடுமட்டத்திலும், மிர்கால் அடிமட்டத்திலும் இரை தேடுவதால் ஒன்றின் உணவில் மற்றொன்று கை வைப்பதில்லை. இவை ஓடும் ஆற்று வெள்ளத்தில் முட்டையிடுமேயன்றித் தேங்கிய கண்மாய் ஜலத்தில் இனம் பெருக்குவதில்லை. ஆகவே வருஷந்தோறும் குஞ்சு விட்டாலொழிய அடுத்த வருஷம் அவை இரா. முற்காலத்தில் ஆறுகளில் குஞ்சு வாரி வரவேண்டியிருந்தது. 1957-ஆம் வருஷத்தில் ஒரிஸ்ஸாவில் ஹீராலால் சௌத்ரி முதலிய விஞ்ஞானிகள், மீனின் மூளையடிச் சுரப்பியின் சாற்றை ஊசி மூலம் செலுத்தி, பண்ணையிலேயே முட்டையிடச் செய்த பிறகு அச்சிரமம் நீங்கியது.

இதில் நான் செய்த பிழையொன்றைக் கூறுவது பிறருக்குப் பயன்படலாம். நான் படித்தது மண்ணும் பயிரும். மீனைப் பற்றி அறிந்ததெல்லாம் பின்னர் வலைக்காரர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதே. பல வருஷங்களுக்கு முன் மேலூர்ப் பக்கத்து ஊரொன்றில், புரட்டாசியில் கண்மாய்க்கு ஜலம் வந்ததும் ஓரங்குலக் குஞ்சுகளை நேரே கண்மாயில் விடச் சொன்னேன். பாதியை விராலும் வாளையும் விழுங்கின. ஐப்பசி மழையில் கலிங்கு பாய்ந்தபோது மிச்சமிருந்தவை கீழ்க்கண்மாய்க்குப் போய்ச் சேர்ந்தன. அவ்வருஷம் கீழூரார் எனக்கு மிகுந்த மரியாதை செய்தார்கள். செலவழித்த மேலூராரை இரண்டு வருஷம் நான் நேரில் பார்க்கக் கூசினேன்.

அதன் பிறகு கைக்கொண்ட முறை இது. குஞ்சுகள் ஆடி, ஆவணியில்தான் தாராளமாகக் கிடைக்கும். அவற்றை வாங்கி, கண்மாய்க் கரைக்கு வெளியே 10 சென்ட் பரப்பும் 4 அடி ஆழமும் உள்ள குட்டை வெட்டி, கிணற்று ஜலம் நிரப்பி, குட்டையொன்றுக்கு 10,000 வீதம் விடவேண்டும். கடலைப் புண்ணாக்கையும் தவிட்டையும் சம எடையாகக் கலந்து தினமும் இட்டால் இரண்டு மூன்று மாதத்தில் நாலங்குல நீளம் வளரும். மூன்றிலொரு பங்கு சேதமாவதை எதிர்பார்த்தே வாங்கவேண்டும். கலிங்கு பாய்ந்து ஓய்ந்த பின், கார்த்திகைக் கடைசியில், காலை அல்லது மாலை வேளையில் கண்மாயில் விடுக. நாலங்குல மீன் விரால் வாய்க்கு எளிதில் அகப்படாது. தூரத்திலிருந்து பையில் கொண்டுவரும் குஞ்சானால், பையைக் கால் மணி நேரம் கண்மாய் ஜலத்தில் மிதக்கவிட்டுச் சூடு சமமான பின்னரே அவிழ்க்கவேண்டும்.

ஏக்கருக்கு 800 முதல் 1,000 வரை போதும். 40 கட்லாவுக்கு ரோகு 30, மிர்கால் 30 என்பது விகிதம். ஏக்கர் என்பதைக் கண்மாய் நிறைந்த அளவில் கணக்கிடலாகாது. மாசியில் ஜலம் நிற்கும் பரப்பே கணக்கு. 100 ஏக்கர்க் கண்மாயை 50 ஏக்கராகவே மதிக்கவேண்டும்.

மீன் தப்பாதிருக்க மடைகளில் மூங்கில் தட்டி கட்டலாம். கலிங்கில் கட்டுவதை நான் ஒப்புவதில்லை. தட்டியில் பாசியும் செத்தையும் அடைத்துக்கொண்டு, ஒரே இரவில் கரைக்கு ஆபத்து வந்துவிடும். மீனுக்காகக் கரையைப் பணயம் வைக்க யாருக்கும் உரிமையில்லை.

பிடிக்கும் காலத்தில் இரண்டு விதி. முதலாவது, வலைக்கண்ணைப் பற்றியது. கால் கிலோ நிறையில் 10,000 மீனை மாசியில் வாரினால் 2,500 கிலோ. சித்திரை வரை விட்டு அரைக் கிலோவாக்கினால், 2,000 மீன் தவறிப்போனாலும் 4,000 கிலோ. ஆகவே மாசியில் பெரிய கண்ணுள்ள வலையால் பருத்தவற்றை மட்டும் எடுத்து, மற்றவற்றிற்கு இடம் விடுக. சிறு கண்ணுள்ள வீச்சு வலை ஜிலேபிக் கெண்டைக்கு மட்டுமே ஆகும். 1952-இல் நம் நாட்டிற்கு வந்த அம்மீன் ஓயாமல் குஞ்சு பொரித்து மற்ற மீனின் இரையைத் தின்பதால், அதை எவ்வளவு பிடித்தாலும் தகும். இரண்டாவது, விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து மூடினால் அதை வேடிக்கை பார்க்கலாகாது. ஜலத்தில் பிராணவாயு குறைந்ததற்கு அதுவே அடையாளம். அன்றே வலை போடவேண்டும். மறுநாள் செத்து மிதக்கும்.

இனிக் கிராம அதிகாரிகள் கவனிக்கவேண்டியது. குத்தகை பெரும்பாலும் பசலிக் கணக்கில் ஜூன் 30-ஆம் தேதி முடிவதால், குத்தகைதாரர் கடைசியில் அவசரப்பட்டு, இரவில் மடையைத் திறந்து ஜலத்தை வெளியேற்றி மீன் வாருவதுண்டு. கதிர் பால் பிடிக்கும் சமயத்தில் இது நடந்த வயலை நான் கண்டிருக்கிறேன். ஒரு நனைப்புக்கு ஜலமின்றிப் பதராய்ப்போன நெல்லுக்கு எந்த மீனும் ஈடாகாது. அறுவடை முடியும் வரை மடைத் திறவுகோல் நீர்ப்பாய்ச்சியிடமே இருக்கவேண்டும் என்றும், மடைமட்டத்திற்குக் கீழுள்ள ஜலத்தை எஞ்சின் வைத்து இறைக்கலாகாது என்றும், மருந்து கலக்கிப் பிடித்தால் குத்தகை ரத்து என்றும் ஏல நிபந்தனையில் எழுதி, ஏலத்தன்று உரக்கப் படித்துக் காட்டுவது நலம். மருந்து தெளிக்கும் கருவியைக் கண்மாயில் கழுவும் குடியானவர்களையும் அப்போதே எச்சரிக்கலாம்.

வைகை அணையருகிலுள்ள அரசு மீன்பண்ணையில் குஞ்சு வேண்டுவோர் ஆனியிலேயே விசாரித்து வைக்கவும். ஆவணியில் எல்லாக் கண்மாய்க்காரரும் ஒருசேர வந்து நிற்பார்கள்.