துணைப்பாத்திரமும் நடிப்பும்: டெல்லி கணேஷின் கலைவாழ்வை முன்வைத்து ஒரு நோக்கு

தமிழ்த் திரைப்படத்தின் வரலாறு பெரும்பாலும் நாயக நடிகரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. நாயகனின் அருகே நின்று, அவன் சினத்துக்குக் காரணமாகவும் துயருக்குச் சாட்சியாகவும் அமையும் நடிகர் அவ்வரலாற்றில் வெறும் பெயராகவே இடம்பெறுகின்றார். சிலவேளை அதுவும் இல்லை. இவ்விழப்பு தனியொருவருக்கு மட்டும் உரியதன்று. அரங்கிலே பயின்ற நடிப்பு முறை திரைக்கும் தொலைக்காட்சிக்கும் எவ்வாறு சென்று சேர்ந்தது என்பதை அறிவதற்குரிய சான்றும் அதனோடு மறைந்துவிடுகின்றது. 2024 நவம்பரில் 80 வயதில் மறைந்த டெல்லி கணேஷின் கலைவாழ்வு இவ்விடயத்தை ஆராய்வதற்கு ஏற்றதோர் எடுத்துக்காட்டாகும்.

முதலிற் சொல்லாட்சியைத் தெளிவுபடுத்திக்கொள்வது நன்று. 'துணை நடிகர்' என்னும் தொடர் திரைப்படத்துறையிலே கூட்டத்தில் ஒருவராக நிற்பவரையே பெரிதும் குறிக்கும். தனிப் பெயரும் குணமும் உடைய பாத்திரத்தை ஏற்பவர் 'குணசித்திர நடிகர்' எனப்படுவார். இங்கு ஆராயப்படுவது பின்னவரின் கலையே.

அரங்கு

1944இல் வல்லநாட்டிற் பிறந்த கணேஷ், 1964 முதல் 1974 வரை இந்திய விமானப்படையிற் பணிபுரிந்தவர். டெல்லியில் இயங்கிய தட்சிண பாரத நாடக சபாவின் நாடகங்களிலும், பின்னர் சென்னையில் காத்தாடி ராமமூர்த்தியின் குழுவிலும் நடித்தார். அக்காலச் சபா நாடகங்களுட் பல ஒரு வீட்டுக் கூடத்தையே களமாகக் கொண்டவை. நடுத்தரக் குடும்பத்தின் சிக்கல்களை உரையாடலாலேயே நடத்திச் சென்றவை. பாட்டோ கூத்தோ காட்சி மாற்றமோ நடிகருக்குக் கைகொடுப்பதில்லை. குரலின் ஏற்ற இறக்கமும், சபையோரின் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து அடுத்த சொல்லைத் தொடங்கும் காலக்கணிப்புமே அவருடைய கருவிகள். பிறர் பேசுகையில் மேடையில் உயிரோடு நிற்றல் எங்ஙனம் என்பதையும் இவ்வரங்கே கற்பித்தது எனலாம்.

திரை

விசுவின் நாடகமான 'பட்டினப் பிரவேசம்' கே. பாலசந்தரின் இயக்கத்திலே 1977இல் திரைப்படமாயிற்று. கணேஷின் திரைப்பிரவேசமும், 'டெல்லி கணேஷ்' என்ற பெயரும் அதனூடாகவே அமைந்தன. பாலசந்தர் தாமும் நாடகத்திலிருந்து வந்தவர் என்பது ஈண்டு நினைவுகொள்ளத்தக்கது. சபா அரங்கு தனது நாடகத்தையும் நடிகரையும் ஒருசேரத் திரைக்கு ஈந்த நிகழ்ச்சி இது.

துரை இயக்கிய 'பசி' (1979) அவரை அக்கூடத்திலிருந்து வெளியே கொணர்ந்தது. சென்னைச் சேரியில் வாழும் ரிக்ஷாத் தொழிலாளியாக, ஒரு பெண்ணின் தந்தையாக, அவர் ஏற்ற பாத்திரம் தமிழ்நாடு அரசின் சிறப்புப் பரிசைப் பெற்றுக் கொடுத்தது. எனினும் பிற்காலத் திரைப்படங்கள் பல, அவர் பேச்சு வழக்கைக் கருதிப் பிராமணக் குடும்பத்து மூத்தவராகவே அவரைக் கண்டன. ஒருவர் நன்கு செய்ததையே மீண்டும் மீண்டும் செய்விப்பது குணசித்திர நடிகருக்கு நேரும் பெருங்குறையாகும். 'பசி'யைக் கண்டவர்கள் இவ்விழப்பின் அளவை உணர்வர்.

ஆயினும் கிடைத்த எல்லைக்குள்ளே அவர் ஆற்றியது சிறிதன்று. 'சிந்து பைரவி'யில் (1985) மதுப்பழக்கமுடைய மிருதங்க வித்துவானாக அவர் வருகின்றார். அவரைக் கண்டித்து விலக்கும் பாடகரே பின்னர் மதுவுக்கு அடிமையாகின்றார். நாயகனின் வீழ்ச்சி, தொடக்கத்திலேயே இச்சிறு பாத்திரத்தின் தலைகுனிவில் நமக்குக் காட்டப்பட்டுவிடுகின்றது. அத்தலைகுனிவு மெய்யாக இல்லையேல் பிந்திய வீழ்ச்சியும் வலுவிழந்துவிடும்.

'மைக்கேல் மதன காமராஜன்' (1990) காட்டும் திறன் வேறு. விருந்துச் சாம்பாரில் மீன் விழுந்துவிட்ட நிலையிலே, பாலக்காட்டுச் சமையற்காரர் மணி ஐயர் ஒருபோதும் சிரிப்பூட்ட முயல்வதில்லை. தொழிலின் மானம் போய்விடுமே என்னும் அச்சத்தையே அவர் நடிக்கின்றார். சிரிப்பு நம்மிடமிருந்து எழுகின்றது. உரையாடலை எழுதிய கிரேசி மோகனும் சபா அரங்கின் பிள்ளையே. 'நாயக'னில் (1987) உடனிருக்கும் ஐயராகவும், 'அபூர்வ சகோதரர்க'ளில் (1989) வில்லர் நால்வருள் ஒருவராகவும் அவர் தோன்றியமை, வரையறைக்குள்ளும் வேறுபாடு இயலும் என்பதைக் காட்டுகின்றது.

தொலைக்காட்சி

திரைப்படத்தில் அவருக்குக் கிடைப்பவை சில நிமிடங்கள். அவற்றுள் ஒரு முழு வாழ்வை உணர்த்தல் வேண்டும். 'கஸ்தூரி' போன்ற தொலைக்காட்சித் தொடர்களிலோ நிலைமை தலைகீழானது. பாத்திரம் ஆண்டுக்கணக்கில் நீள்கின்றது. அதன் முடிவு நடிகருக்கே தெரிவதில்லை. ஆகவே நாள்தோறும் மாறும் கதைப்போக்கின் நடுவே பாத்திரத்தின் குணத்தை மாறாது காத்தல் நடிகரின் பொறுப்பாகின்றது. வீட்டுக் கூடமும் உரையாடலும் மீண்டும் களமாயின. அவ்வகையில், சபா நாடகம் கைவிட்ட இடத்தைத் தொலைக்காட்சி ஏற்றுக்கொண்டது எனலாம். ஆனால் சபையோரின் சிரிப்பும் மௌனமும் அங்கே இல்லை. முன்பு அவற்றைக் கேட்டுப் பழகிய நடிகரே அவற்றை மனத்தில் வைத்து நடிக்க வல்லவர்.

நானூறுக்கு மேற்பட்ட படங்களில் நடித்த ஒருவரைப் பற்றிய செய்திகள் ஓரளவு எஞ்சும். அவர் பயின்ற நாடகங்களின் பிரதிகளும், உடன் நடித்தோரின் நினைவுகளும் அவ்வாறு எஞ்சுமென்று கூறமுடியாது. மேடை ஆற்றுகை திரை விழுந்ததும் மறைவது. அதனை அறிந்தோரும் அருகி வருகின்றனர். நடிப்பின் வரலாற்றை ஆராயப் புகும் மாணவர் நாயகரின் புகழ்மாலைகளை விடுத்து, இச்சான்றுகளைத் தேடித் தொகுப்பதிலே முதலில் ஈடுபடுதல் வேண்டும்.