உங்கள் வீட்டில் யாருக்கு எந்தப் போர்வை?

ஒரு புடவை எடுக்க நாலு கடை ஏறி இறங்குகிறோம். ஆனால், ராத்திரி ஏழெட்டு மணி நேரம் உடம்போடு ஒட்டிக் கிடக்கிற போர்வையைப் பற்றி யோசிப்பதே இல்லை. ‘கண்காட்சியில தள்ளுபடி போட்டிருந்தான், ரெண்டு ரஜாய் வாங்கினேன்’ என்பதோடு சரி! பிறகு பாட்டிக்கும் அதே ரஜாய், பச்சைக் குழந்தைக்கும் அதே ரஜாய்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். சாதாரணப் போர்வை எதுவும் தானாகச் சூட்டை உண்டாக்காது. நம் உடம்புச் சூட்டை வெளியே விடாமல் பிடித்து வைப்பதுதான் அதன் வேலை. அதற்குக் கைகொடுப்பது, இழைகளுக்கு நடுவே அடைபட்டிருக்கும் காற்று. அதனால்தான் பஞ்சு அமுங்கிப்போன பழைய ரஜாய், கனமாக இருந்தாலும் குளிர் தாங்குவதில்லை.

எத்தனை வகை!

மேலே ஒரு துணி, கீழே ஒரு துணி, நடுவில் பஞ்சு. பஞ்சு ஒரு பக்கமாக ஒதுங்காமலிருக்கத் தையல். இதுதான் ரஜாய். ஜெய்ப்பூர் ரஜாய்க்குப் பெயர் வந்ததே அதன் லேசான எடையால்தான். பஞ்சை நன்றாகக் கொட்டி, மெல்லிசாகப் பரப்பித் தைப்பார்கள்.

வங்காளத்துக் காந்தாவில் பஞ்சே கிடையாது. பழைய புடவைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, ஓட்டுத் தையல் போட்டது. பீகாரில் ‘சுஜனி’, வட கர்நாடகத்தில் ‘கௌதி’ என்று இதற்கு அக்கா தங்கைகள் உண்டு. நம் பாட்டிமார் நைந்த நூல் புடவையை மடித்துத் தைத்து விரித்ததும் இதே கதைதான். நம் ஊர்ப் புழுக்கத்துக்கு ஏற்றது இந்த வகையே. வியர்வையை இழுக்கும், வீட்டிலேயே துவைக்கலாம், சீக்கிரம் காயும்.

கம்பளி, ஈரத்தை நிறைய இழுத்துக்கொண்டாலும் நனைந்ததுபோல் தெரியாது. ஊட்டி, கொடைக்கானல் குளிருக்கு அதுதான் சரி. தோல் அரிப்பு உள்ளவர்கள் மட்டும் உள்ளே ஒரு நூல் போர்வை போட்டு, அதன்மேல் கம்பளியைப் போர்த்திக்கொள்ளுங்கள்.

இப்போது கடைகளில் குவிந்து கிடப்பது பாலியெஸ்டர் அடைத்த ‘கம்ஃபர்ட்டர்’. லேசாக, புசுபுசுவென்று இருக்கும். ஆனால், பருத்தி தன் எடையில் ஏழெட்டு சதவிகிதம் ஈரம் பிடிக்கும். பாலியெஸ்டர் அரை சதவிகிதம்கூடப் பிடிக்காது. வியர்க்கிற உடம்புக்கு இது தோதுப்படாது.

உடம்புக்குத் தக்கபடி...

சித்த மருத்துவம் உடம்பை வளி, அழல், ஐயம் என்று பிரித்துப் பார்க்கிறது. கை கால் சில்லிட்டு, மூட்டுவலியோடு எழுந்திருக்கும் வளி உடம்புக்காரர்களுக்கும் வயதானவர்களுக்கும் பஞ்சு ரஜாய் இதமானது.

அழல் உடம்புக்காரர்களும், மாதவிடாய் நிற்கும் வயதிலுள்ள பெண்களும் நடுராத்திரியில் குப்பென்று வியர்த்து எழுவார்கள். இவர்களுக்குக் கனமான ஒரு போர்வையைவிட மெல்லிய நூல் போர்வை இரண்டு நல்லது. வேண்டாதபோது ஒன்றை உதறிவிடலாமே! ராத்திரி வியர்வையோடு, இரண்டு வாரத்துக்கு மேல் இருமலும் எடைக்குறைவும் இருந்தால் போர்வையைக் குறை சொல்லாதீர்கள். உடனே சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

ஐய உடம்புக்குத் தூசுதான் எதிரி. ‘பகல்ல நல்லாத்தான் இருக்கான் டாக்டர். படுத்தா மட்டும் அடுக்கடுக்கா தும்முறான்’ என்று ஒரு தாய் மகனை அழைத்து வந்தார். ரஜாயை எப்போது துவைத்தீர்கள் என்று கேட்டேன். ‘அதை எங்க துவைக்கிறது? பரண்மேல கிடந்தது, குளிருதேன்னு இறக்கினோம்!’ என்றார்.

கண்ணுக்குத் தெரியாத தூசுப்பூச்சிகள், நாம் உதிர்க்கும் தோல் செதில்களைத் தின்று, ஈரமான பஞ்சில் பெருகும். அவற்றின் கழிவுதான் பலருக்குத் தும்மலையும் இரைப்பையும் கிளப்புகிறது. வெயிலில் போட்டால் ஈரம் போகும்; கழிவு போகாது. ஆகவே, ரஜாய்க்குக் கழற்றக்கூடிய நூல் உறை தைத்து, வாரம் ஒருமுறை வெந்நீரில் துவையுங்கள். பூச்சி சாக 55 முதல் 60 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். இரைப்பு இருக்கும் பிள்ளையின் மருந்தை, உறை தைத்தாயிற்றே என்று நிறுத்திவிடாதீர்கள்.

இந்த மூவரிடம் கவனம்!

ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு ரஜாய், கம்ஃபர்ட்டர், தலையணை எதுவும் தூங்குமிடத்தில் வேண்டாம். முகத்தில் விழுந்தால் தள்ளிவிடத் தெரியாது. மூச்சு முட்டி உயிருக்கே ஆபத்தாகலாம். மல்லாக்கப் படுக்க வைத்து, குளிருக்குத் தக்கபடி பருத்திச் சட்டையைக் கூடுதலாகப் போடுங்கள். தலையை மூடாதீர்கள். குழந்தையின் கை சில்லென்று இருப்பதை வைத்து முடிவு செய்ய வேண்டாம். நெஞ்சையோ பின்கழுத்தையோ தொட்டுப் பாருங்கள்.

அடுத்து, காய்ச்சல்காரர். ‘இழுத்துப் போர்த்தினா வேர்த்து விட்டுடும்’ என்று சொல்லிச் சொல்லியே பழகிவிட்டோம். நடுக்கம் இருக்கும்போது லேசான போர்வை சரி. நடுக்கம் நின்று உடம்பு கொதிக்கும்போதும் மூடிவைத்தால், சூடு எப்படி வெளியேறும்? போர்வையை எடுத்துவிட்டுக் கஞ்சியோ வெந்நீரோ கொடுங்கள்.

மூன்றாவது, நாள்பட்ட சர்க்கரை நோயாளி. பாதம் மரத்திருந்தால் சுடுவது தெரியாது. மின்சாரப் போர்வையும் வெந்நீர்ப் பையும் இவர்களுக்கு வேண்டாம். பருத்திக் காலுறை போதும்.

இன்னொன்று. ஏசியை 18-ல் வைத்துவிட்டு ரஜாய்க்குள் சுருண்டு கொள்வது எந்த ஊர் நியாயம்? 24-லிருந்து 26 டிகிரிக்குள் வைத்து, ஒரு நூல் போர்வை போர்த்திப் பாருங்கள். தூக்கமும் நன்றாக வரும், கரண்ட் பில்லும் குறையும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை பரணில் இருப்பதையெல்லாம் இறக்குங்கள். மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு மொட்டை மாடியில் உதறி, வெயிலில் போடுங்கள். சாயங்காலம் மடித்து வைக்கும்போது, எது யாருக்கு என்று பிரித்து வையுங்கள்.