மின்னிசையும் ஆடற்பாட்டும்



தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி, கஞ்சக்கருவி என்று இசைக்கருவிகளை நால்வகையாகப் பகுத்தனர் நம் முன்னோர். இந்நான்கினுள் எதிலும் அடங்காத கருவி ஒன்று இருபதாம் நூற்றாண்டில் தோன்றியது. மின்சாரத்தின் அசைவையே ஒலியாக மாற்றித் தரும் அக்கருவிக்குச் சிந்தசைசர் என்று பெயர். 1980-களில் அதைக் கொண்டு அமைந்த ஆடற்பாட்டுகளை இன்று உங்கள் தலைமுறையினர் மீண்டும் விரும்பிக் கேட்கின்றனர். அவ்வொலி எவ்வாறு பிறக்கிறது? நம் சென்னைக்கு எவ்வாறு வந்தது? அதனால் நாம் பெற்றது யாது, இழந்தது யாது? இவற்றை இன்று ஆராய்வோம்.

முதலில் ஒலியின் பிறப்பைக் காண்போம். வயலின் தந்தி விநாடிக்கு 440 முறை அதிர்ந்தால் ஒரு குறிப்பிட்ட சுரம் எழுகிறது. சிந்தசைசரில் தந்திக்குப் பதிலாக அலையியற்றி என்னும் மின்சுற்று அமைந்துள்ளது. அதன் மின்னழுத்தம் விநாடிக்கு 440 முறை ஏறி இறங்குமாயின், ஒலிபெருக்கியும் அவ்வாறே அதிர்ந்து அதே சுரத்தை எழுப்பும். ஏற்ற இறக்கத்தின் வடிவத்தை மாற்றினால் ஒலியின் குணமும் மாறும். இரம்பத்தின் பல்லைப் போல மெல்ல ஏறிச் சட்டென்று விழும் அலையில், அடிப்படைச் சுரத்தோடு பல மேற்சுரங்களும் செறிந்திருக்கும். வில்லிட்ட வயலின் தந்தியின் அசைவும் ஏறத்தாழ இத்தகையதே.

அடுத்து நிற்பது வடிகட்டி. அது வேண்டாத மேற்சுரங்களை நீக்குகிறது. வாய்க்கு முன்னே கையைக் குவித்து, மூடியும் திறந்தும் 'ஆ' என்று ஒலித்துப் பாருங்கள். வடிகட்டியின் வேலை விளங்கிவிடும். ஒலி விரைந்து எழுவதா, மெல்ல எழுவதா, நீண்டு நிற்பதா, உடனே அடங்குவதா என்பதை மற்றொரு சுற்று முடிவு செய்கிறது. ஒரே கருவி முரசாகவும் மணியாகவும் வயலின் குழுவாகவும் வேடம் பூணுவது இவ்வாறுதான்.

ஆடுவோருக்குப் பிசகாத தாளம் வேண்டும். ஆடற்பாட்டுகள் பல நிமிடத்துக்கு 120 தட்டு என்னும் அளவையொட்டி அமைகின்றன. அதாவது விநாடிக்கு இரண்டு தட்டு. தாள இயந்திரத்தில் 16 பொத்தான்கள் வரிசையாக இருக்கும். எந்தெந்த இடத்தில் அடி விழ வேண்டுமென்று ஒருமுறை குறித்துவிட்டால், அது சலிக்காமல் சுழன்று வரும். ஆதி தாளத்தின் எட்டு அட்சரங்களை இவ்விரண்டாகப் பகுத்தாலும் 16 தானே! ஆதலின், இக்கணக்கு நமக்குப் புதியதன்று.

அமெரிக்காவில் ராபர்ட் மோக் என்பவர் தம் சிந்தசைசரை 1964-ஆம் ஆண்டு அறிமுகப்படுத்தினார். 1969-இலேயே அத்தகைய கருவி ஒன்று அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்கு வந்துவிட்டது. ஜெர்மனியின் மியூனிக் நகரில் பணியாற்றிய ஜார்ஜியோ மொரோடர், டோனா சம்மர் பாடி 1977-இல் வெளிவந்த பாட்டொன்றுக்கு ஏறக்குறைய முழுப் பின்னணியையும் மோக் கருவியிலேயே அமைத்தார். பின்வந்த மின் ஆடலிசைக்கு அது வழிகாட்டியாயிற்று. 1982-இல் பம்பாய்க் கலைஞர் சரண்ஜித் சிங், பத்து இராகங்களை ஜப்பானிய மின்கருவிகளில் ஆடற்தாளத்தோடு வாசித்து இசைத்தட்டாக வெளியிட்டார். அந்நாளில் அதனைப் பொருட்படுத்தியோர் சிலரே. 2010-இல் அது மறுபதிப்புக் கண்டபோது, பிற்காலத்தில் சிகாகோவில் தோன்றிய ஆடலிசையின் சாயல் அதில் முன்னரே இருந்ததைக் கேட்டுப் பல நாட்டினரும் வியந்தனர்.

இனி நம் ஊருக்கு வருவோம். மயிலாப்பூரில் தன்ராஜ் மாஸ்டர் என்னும் ஆசிரியர் மேனாட்டு இசை கற்பித்து வந்தார். இளையராஜாவும் ஏ. ஆர். ரகுமானும் அவரிடம் பயின்றவர்கள் என்பது கருதத்தக்கது. 1983-இல் யமஹா நிறுவனத்தின் டிஎக்ஸ் 7 வெளிவந்தது. வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகளை இணைக்கும் 'மிடி' என்னும் பொதுமுறையும் அவ்வாண்டே வந்தது. 1986-இல் வெளியான 'விக்ரம்', 'புன்னகை மன்னன்' ஆகிய படங்களில் இளையராஜா மின்னிசையைத் துணிந்து கையாண்டார். தியாகராய நகரை அடுத்த கோடம்பாக்கத்தில், ரகுமான் 1989-இல் தம் வீட்டை ஒட்டி ஒலிப்பதிவுக்கூடம் அமைத்தார். 'ரோஜா' 1992-இலும், பிரபுதேவாவின் ஆட்டத்தால் புகழ்பெற்ற பாட்டுகளைக் கொண்ட 'ஜென்டில்மேன்' 1993-இலும், 'காதலன்' 1994-இலும் வெளிவந்தன. அக்காலத்தில் நான் மயிலாப்பூரில் ஆசிரியனாக இருந்தேன். ஆண்டு விழா நெருங்கினால், ஒலிநாடாவும் கையுமாக வராத மாணவரே இல்லை.

'விசைப்பலகையில் கமகம் வருமா?' என்று கேட்பவர்கள் உண்டு. தக்க கேள்வியே. கட்டைகள் நிலைத்த சுரங்களையே தருவன என்பதை ஒரு காரணமாகக் காட்டித்தான் அகில இந்திய வானொலி 1940-இல் ஆர்மோனியத்தை விலக்கியது. 1970-களில்தான் அத்தடை தளர்ந்தது. ஆனால் 1970-இல் வந்த சிறிய மோக் கருவியில், சுரத்தை வளைப்பதற்கென்றே இடக்கைப் பக்கம் ஒரு சக்கரம் வைக்கப்பட்டது. அதன் துணையால் இன்று சபை மேடைகளில் விசைப்பலகையில் கருநாடக இசை வாசிப்போர் உளர்.

இதனினும் கடினமான கேள்வி ஒன்றுண்டு. திரைப்பாட்டுகளில் வயலின் வாசித்துக் குடும்பம் நடத்திய நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. பலர் கூடி வாசித்த பகுதியை ஒருவர் இரு கைகளால் வாசிக்கத் தொடங்கிய பின்னர், அவருக்கு வந்த அழைப்புகள் குறைந்தன. "கூலி போனதுகூடப் பெரிதில்லை ஐயா; மூத்தவர் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்ளும் இடமே போய்விட்டது" என்றார் அவர். அந்த இழப்பை எந்தப் புதுமையும் ஈடுசெய்ததாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எனினும் கருவியைப் பழிப்பதும் பொருந்தாது. டிஎக்ஸ் 7 கருவியில் ஆயத்த ஒலிகள் சில முன்பே பதிந்திருந்தன. அவற்றை அப்படியே எடுத்துப் பயன்படுத்தியோர் பலர். அதனால் அக்காலப் பாட்டுகள் பலவற்றில் ஒரே மணியோசை கேட்கிறது. இசை கற்றவரோ, எந்த ஒலி எங்கே வேண்டும், எங்கே மௌனம் வேண்டும் என்று தாமே தேர்ந்தார். 1986-இல் மின்னிசையைக் கைக்கொண்ட அதே இளையராஜா, 2025 மார்ச் 8-இல் இலண்டனில் ராயல் பில்ஹார்மோனிக் குழுவினர் வாசிக்கத் தம் சிம்பொனியை அரங்கேற்றினார். அவர் ஒன்றுக்காக மற்றொன்றைக் கைவிடவில்லை.

நீங்கள் விரும்பும் பழைய ஆடற்பாட்டு ஒன்றை மும்முறை கேளுங்கள். முதன்முறை தாளத்தை மட்டும் எண்ணுங்கள். இரண்டாம் முறை அடியில் திரும்பத் திரும்ப ஒலிக்கும் தாழ்ந்த சுரங்களைப் பின்தொடருங்கள். மூன்றாம் முறை, அவ்வொலிகளுள் மனிதர் கைபட்டு எழுந்தது எது, இயந்திரம் எழுப்பியது எது என்று பிரித்தறிய முயலுங்கள். அப்பயிற்சியால் செவி கூர்மை பெறும். கூரிய செவி உடையவரே எந்தக் கருவியையும் ஆளத் தக்கவர்.