இலைத்தகட்டின் கடைசிச் செல்: காட்டுப் பாசிகளை இனம் பிரிப்பது எப்படி?

காட்டுப் பாசிகளில் பாலிட்ரைக்கம் என்ற பேரினத்தை அடையாளம் காணப் பெரிய பயிற்சி தேவையில்லை. குளத்தில் படரும் பாசியல்ல இது. தண்டும் இலையும் கொண்ட சிறு நிலத்தாவரம். தாவரவியல் பாடத்தில் ஃபியூனேரியா படித்தவர்களுக்கு, அந்த வகையைச் சேர்ந்தது என்றால் விளங்கும். விறைப்பான கரும்பச்சை இலைகள், ஸ்போர் நிறைந்த கேப்சூலை மூடியிருக்கும் பொன்னிற மயிர்த்தொப்பி ஆகிய இரண்டையும் பார்த்தால் பேரினத்தைப் பெரும்பாலும் சொல்லிவிடலாம். அதற்குள் எந்த இனம் என்று கேட்கும்போதுதான் அனுபவசாலிகளும் தயங்குகிறார்கள்.

பிரிட்டனிலும் வட ஐரோப்பாவிலும் அதிகம் குழப்புபவை இரண்டு: பாலிட்ரைக்கம் கம்யூனே, பாலிட்ரைக்கம் ஃபார்மோசம். கம்யூனே நீர் தேங்கும் அமில மண்ணில், சதுப்புக் காடுகளில் வளர்வது. 40 சென்டிமீட்டருக்கு மேலும் உயரும். பாசி உலகில் இது பெரிய உயரம். 1732இல் லாப்லாந்தில் பயணம் செய்த லின்னேயஸ், அங்குள்ள மக்கள் இந்த நெடும்பாசியைப் பெயர்த்துப் படுக்கையாகப் பயன்படுத்தியதைக் குறித்துவைத்தார். ஃபார்மோசம் ஓக் மரக் காடுகளிலும் ஊசியிலைக் காடுகளிலும் தண்ணீர் வடியும் தரையில் வளர்வது. பெரும்பாலும் 10 சென்டிமீட்டர் அளவில் நின்றுவிடும்.

அப்படியானால் ஸ்கேலை வைத்து அளந்தால் போதாதா? போதாது. ஈரம் குறைந்த இடத்தில் கம்யூனே குட்டையாகவே இருக்கும். நிழலும் ஈரமும் கிடைத்தால் ஃபார்மோசம் நெடுநெடுவென்று வளரும். காட்டுக்குள் ஓடும் வடிகால் ஓரத்தில் இரண்டும் அருகருகே நிற்கக்கூடும். உயரம், நிறம், இடம் மூன்றும் சந்தேகத்தைக் கிளப்ப உதவும்; தீர்ப்புச் சொல்ல உதவாது. படத்தை மட்டும் பார்த்து இந்த இரண்டுக்கும் பெயர் சூட்டும் பழக்கத்தை நான் ஏற்காததற்குக் காரணம் இதுதான்.

கேப்சூல் முதிர்ந்திருந்தால் கைலென்ஸே போதும். கம்யூனேயின் கேப்சூல் நான்கு கூரிய விளிம்புகளுடன், நீளமும் அகலமும் ஏறக்குறைய சமமாக இருக்கும். அடியில் வட்டு வடிவப் பகுதி ஒன்று ஆழமான பள்ளத்தால் பிரிந்து தெரியும். ஃபார்மோசத்தின் கேப்சூல் சற்று நீண்டது. விளிம்புகள் மழுங்கியவை, நான்குக்கு மேலும் இருக்கலாம். அடிப்பள்ளம் தெளிவாக இராது. ஆனால் கேப்சூல் ஆண்டு முழுவதும் கிடைப்பதில்லை. ஆண் செடி வேறு, பெண் செடி வேறு என்பதால், ஆண் செடிகள் மட்டுமே உள்ள திட்டில் அது ஒருபோதும் வராது.

ஆகவே இலைக்குத்தான் திரும்ப வேண்டும். பெரும்பாலான பாசிகளின் இலை ஒற்றைச் செல் கனமே உள்ள மெல்லிய ஏடு. பாலிட்ரைக்கம் இலையின் மேல்பரப்பிலோ, நிறுத்திவைத்த புத்தகத் தாள்கள்போலப் பச்சைத் தகடுகள் நெருக்கமாக நீளவாக்கில் ஓடுகின்றன. ஒளிச்சேர்க்கையில் பெரும்பங்கு நடப்பது இங்கேதான். இலை நனைந்திருக்கும்போதும் தகடுகளுக்கு இடையே காற்று தங்குவதால், கரியமில வாயு தடையின்றிக் கிடைக்கிறது. ஒவ்வொரு தகடும் சில செல்கள் உயரமே உள்ளது. அதன் உச்சியில் இருக்கும் கடைசிச் செல்தான் நமக்கு வேண்டிய சாட்சி. கம்யூனேயில் அந்தச் செல்லின் தலையில் நடுவே பள்ளம் விழுந்து, இருபுறமும் மேடு தட்டியிருக்கும். ஃபார்மோசத்தில் பள்ளம் கிடையாது. தலை வழவழப்பாக வளைந்திருக்கும்.

இதைப் பார்க்க ஆய்வகம் தேவையில்லை. புதிய ஷேவிங் பிளேடு, ஸ்லைடு, கவர்ஸ்லிப், 400 மடங்கு பெரிதாக்கும் மைக்ரோஸ்கோப் போதும். நனைத்த இலையை ஸ்லைடில் வைத்து, அதன் நடுப்பகுதியில் குறுக்காக, எவ்வளவு மெல்லியதாக முடியுமோ அவ்வளவு மெல்லியதாகச் சீவ வேண்டும். பல சீவல்கள் தடிப்பாகவே வரும். நிமிர்ந்து நிற்காமல் சாய்ந்து கிடக்கும் சீவலில் பள்ளம் இருந்தாலும் தெரியாது. ஒரே சீவலை நம்பிவிடக் கூடாது. இலை நுனிக்கருகே வெட்டினால் தகடுகள் முழு வளர்ச்சி பெறாமல் இருக்கும், அதுவும் ஏமாற்றும்.

வேறு சில உறவினங்கள் இவ்வளவு பாடு படுத்துவதில்லை. ஜூனிபெரினம் இலையின் விளிம்பு பற்களின்றி உள்மடிந்து தகடுகளை மூடியிருக்கும். பிலிஃபெரம் இலை நுனியில் வெள்ளை மயிர் நீண்டிருக்கும். லாங்கிசீட்டம்தான் ஃபார்மோசத்துக்கு மிக நெருக்கம்: கடைசிச் செல்லில் பள்ளம் இராது, ஆனால் தகடுகள் இல்லாத இலை விளிம்பு அகலமானது. இந்த இனம் கலப்பில் பிறந்து இரு மரபுத்தொகுதிகளைச் சுமப்பது என மரபணு ஆய்வுகள் சொல்கின்றன. பெயர்களும் குழப்பம் சேர்க்கின்றன. தாவரவியலாளர் ஹெட்விக் 1801இல் பெயரிட்ட ஃபார்மோசம், 1971இல் பாலிட்ரைகாஸ்ட்ரம் என்ற பேரினத்துக்கு மாற்றப்பட்டது; டி.என்.ஏ. ஆய்வுகளுக்குப் பிறகு பழைய பேரினத்துக்கே திரும்பியது. புத்தகங்களில் இரு பெயரையும் கண்டால் செடி ஒன்றே என்று கொள்ளலாம்.

ஒரு செல்லின் பள்ளத்துக்கு ஏன் இத்தனை பாடு? கம்யூனே இருப்பதை, நிலத்தில் நீர் தேங்குவதன் அடையாளமாகக் கள ஆய்வாளர்கள் கொள்கிறார்கள். ஃபார்மோசத்தைக் கம்யூனே என்று பதிந்தால், வடிகால் வெட்டிக் காயவைத்த சதுப்புக் காடுகூட நலமாக இருப்பதாகக் கணக்கில் ஏறும். ஐரோப்பாவின் 1,817 பிரையோஃபைட் (பாசிகளும் அவற்றின் உறவுத் தாவரங்களும்) இனங்களில் ஐந்தில் ஒன்றுக்கும் மேல் அழியும் ஆபத்தில் இருப்பதாக 2019இல் வெளியான சிவப்புப் பட்டியல் மதிப்பிட்டது. அத்தகைய மதிப்பீடுகள் ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் சரியாக எழுதிய பெயரின் மேல்தான் நிற்கின்றன.

நம் மலைகளுக்கும் இந்த முறை பொருந்தும். பழனி மலையில் செண்பகனூரில் இருந்த இயேசு சபைப் பாதிரியார் ஃபோரோ சேகரித்த பாசிகளை ஆராய்ந்து வெளியிட்டவர்களில் ஒருவர், பிரிட்டிஷ் பாசிகளுக்கு 1896இல் கையேடு எழுதிய டிக்சன். அந்த மலைகளில் வளரும் பொகொனாட்டம், பாலிட்ரைக்கத்தின் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் இனங்களைப் பிரிக்கவும் தகட்டின் உச்சிச் செல்லைத்தான் பார்க்கிறார்கள்.

பாசியில் ஆர்வம் உள்ளவர்கள் வனத்துறை அனுமதி பெற்று, ஒரு சிட்டிகை மட்டும் எடுங்கள். பிளாஸ்டிக்கில் போடாமல் காகித உறையில் உலர்த்தி, இடம், உயரம், மண்ணா பாறையா மரமா, தேதி ஆகியவற்றை உறைமேல் எழுதுங்கள். நன்றாக உலர்ந்த பாசி பல ஆண்டுகள் கழித்தும் நீரில் நனைத்தால் விரியும். ஐயம் எழுந்தால் அப்போதும் இலையைச் சீவிப் பார்க்கலாம். சீவிப் பார்க்கும் வரை பேரினப் பெயரோடு நிறுத்திக்கொள்ளுங்கள், இனப்பெயரை ஊகித்து எழுத வேண்டாம்.