ஒரு சாண் வாத்தியம்!



ஊர்த் திருவிழாவில் இன்னிசைக் கச்சேரி பார்த்திருப்பீர்கள். பாடகர், கீபோர்டு, டிரம்ஸ் என்று மேடையே அமர்க்களப்படும். ஓர் ஓரத்தில், நீண்ட கழுத்துள்ள கிடாருடன் ஒருவர் அமைதியாக நின்று கொண்டிருப்பார். அந்தக் கிடாரில் ஆறு கம்பிகள் இருக்காது. தடிமனான நான்கு கம்பிகள்தான் இருக்கும். அதுதான், 'பேஸ் கிடார்!'

கைத்தட்டல் எல்லாம் பாடகருக்குத்தான். ஆனால், பேஸ் கிடார்காரர் வாசிப்பதை நிறுத்தி விட்டால், அஸ்திவாரம் இல்லாத வீடு போல் பாட்டு ஆடிப் போகும். 'தும்... தும்...' என்று நெஞ்சுக்குள் இறங்கும் அந்த அடிக்குரல்தான், எல்லாரையும் ஒன்றாகக் கட்டி வைக்கிறது. ஏ.ஆர்.ரகுமானின் பாடல்கள் பலவற்றில் பேஸ் கிடார் வாசித்தவர், கீத் பீட்டர்ஸ். அடுத்த முறை பாட்டு கேட்கும்போது, அந்த அடிக்குரலை மட்டும் தனியாகப் பிடித்துக் கேட்டுப் பாருங்கள். தெரிந்த பாட்டே புதிதாகத் தோன்றும்!

கர்நாடக இசைக் கச்சேரிக்கும் இப்படி ஓர் அடிக்குரல் வாத்தியம் கிடைத்தது. அதைக் கொடுத்த ஊர், நம் புதுக்கோட்டை. வாத்தியத்தின் பெயர், கஞ்சிரா. அகலம், ஏறத்தாழ ஒரு சாண்தான்!

அடிக்குரல் எப்படி வருகிறது?

வீட்டிலேயே ஒரு சின்ன சோதனை செய்யலாம். மெல்லிய ரப்பர் பேண்டு ஒன்று, தடித்த ரப்பர் பேண்டு ஒன்று எடுத்து, மூடி இல்லாத டிபன் பாக்சில் மாட்டுங்கள். இரண்டையும் சுண்டிப் பாருங்கள். இரண்டிலும் இழுவிசை ஒன்றாக இருந்தால், தடித்ததுதான் தாழ்ந்து ஒலிக்கும். கனமான பொருள் மெதுவாக அதிரும். மெதுவாக அதிர்ந்தால் ஒலி தாழும். இனி, ரப்பர் பேண்டை கொஞ்சம் தளர்த்துங்கள். ஒலி இன்னும் தாழும்.

பேஸ் கிடாரின் கம்பி, தடிமனாகவும் நீளமாகவும் இருப்பதன் ரகசியம் இதுதான். கம்பி அதிரும் பகுதியின் நீளம், வழக்கமாக 34 அங்குலம். நான்கு கம்பிகளில் மிகத் தாழ்ந்தது, ஒரு நொடிக்கு ஏறக்குறைய 41 முறைதான் அதிர்கிறது.

மிருதங்கக் கலைஞர், கச்சேரிக்கு முன் இடது பக்கத் தோலில் பிசைந்த ரவையை அப்புவதைப் பார்த்திருக்கிறீர்களா? தோலுக்குக் கனம் ஏற்றி, ஒலியைத் தாழ்த்தத்தான் அது. கஞ்சிரா கலைஞரோ, தோலின் உள்பக்கம் சில துளி தண்ணீர் தடவுவார். ஈரம் பட்டதும் தோல் தளரும், அடிக்குரல் பிறக்கும். இடது கை விரல்களால் தோலை அழுத்தி, அந்தக் குரலை வளைத்தும் காட்டுவார்.

விளக்குப் பிடித்தவர்!

கஞ்சிரா, முன்பெல்லாம் பஜனையில்தான் ஒலித்தது. சட்டத்தைச் சுற்றிப் பல துளைகள்; ஒவ்வொன்றிலும் சலங்கைத் தகடுகள். தட்டினால், 'கலகல' சத்தம்தான் பெரிதாகக் கேட்கும்.

அதைக் கச்சேரி மேடைக்குக் கொண்டு வந்தவர், புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை. 1857ல் பிறந்து, 1922 வரை வாழ்ந்தவர். இளமையில், விளக்குப் பிடிக்கும் வேலை பார்த்தவர் என்று சொல்வர். தவில் கலைஞரிடம் தாளக் கணக்குகளைக் கற்றுத் தேர்ந்தார். பஜனை வாத்தியத்தில் பல துளைகள் எதற்கு என்று யோசித்து, ஒரே ஒரு துளை போதும் என்று அமைத்துக் கொண்டார். சலசலப்பு குறைந்தது, தோலின் நாதம் மேலே வந்தது. அதிகமாகச் சேர்த்தல்ல, தேவையற்றதைக் குறைத்து வாத்தியத்தை உயர்த்தினார்.

அவரது சீடர், புதுக்கோட்டை தட்சிணாமூர்த்தி பிள்ளை, மிருதங்கம், கஞ்சிரா இரண்டிலும் மேதை. மற்றொரு சீடரான பழனி முத்தையா பிள்ளையின் மகன்தான், மிருதங்க மேதை பழனி சுப்பிரமணிய பிள்ளை. இவரும் கஞ்சிரா வாசித்தார். பின்னாளில், ஜி.ஹரிசங்கர் அதைப் புதிய உயரத்துக்குக் கொண்டு சென்றார். 2024ல், 'சக்தி' இசைக்குழுவின், 'திஸ் மொமென்ட்' ஆல்பத்துக்கு கிராமி விருது கிடைத்ததே... அந்தக் குழுவில் கஞ்சிரா வாசித்தவர், வி.செல்வகணேஷ். பஜனை மடத்திலிருந்து கிளம்பிய வாத்தியம், உலக மேடை வரை போய் விட்டது!

எப்படித் தேர்ந்தெடுப்பது?

'விலை அதிகம் என்றால் நல்ல வாத்தியம்' என்று நினைக்காதீர்கள். பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி, 1961ல், ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் பேஸ் கிடார் வாங்கக் கடைக்குப் போனார். பேர் பெற்ற பெண்டர் கிடாரின் விலை, 100 பவுண்டு அளவில் இருந்தது. அவர் கையில் அவ்வளவு இல்லை. வயலின் வடிவில் இருந்த ஹாப்னர் கிடாரை, சுமார் 30 பவுண்டுக்கு வாங்கினார். அவர் இடது கைப் பழக்கம் உள்ளவர். அந்தக் கிடார், இரு பக்கமும் ஒரே மாதிரி இருந்ததால், திருப்பிப் பிடித்தாலும் கோணலாகத் தெரியவில்லை. அந்த மலிவு விலைக் கிடாரில்தான், உலகமே கேட்ட பாடல்களை வாசித்தார். 1972ல் திருடு போன அது, பல ஆண்டுகள் கழித்து அவரிடமே திரும்பி வந்தது!

எனவே, விலைச் சீட்டைப் பார்க்கும் முன், இவற்றைப் பாருங்கள்:

* பேஸ் கிடார் என்றால், உங்கள் கை கடைசிக் கட்டை வரை எட்டுகிறதா என்று பாருங்கள். சிறு கைகளுக்கு, 30 அங்குல அளவு உள்ளதும் உண்டு. தோளில் மாட்டி, 10 நிமிடம் நின்று பாருங்கள். கனம் தெரிந்து விடும்.

* பேஸ் கிடாருக்கு என்றே தயாரித்த ஒலிபெருக்கியில் வாசியுங்கள். சாதாரண கிடாருக்கு உரியதில் சத்தமாக வாசித்தால், தாழ்ந்த ஒலியைத் தாங்காமல் அதன் ஸ்பீக்கர் கெட்டு விடலாம்.

* கஞ்சிரா என்றால், பலா மரச் சட்டத்தில் வெடிப்பு இருக்கிறதா, தோல் சுற்றிலும் சீராக ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இடது கையிலேயே நெடுநேரம் பிடித்திருக்க வேண்டும். கை வலிக்காத கனமே நல்லது.

* கண்ணை மூடிக் கொண்டு, அடிக்குரலைக் கேளுங்கள். உங்கள் காதுதான் நீதிபதி!

உடும்பு வேண்டாமே!

இன்னொரு முக்கியமான செய்தி. கஞ்சிராவுக்கு வழிவழியாகப் போர்த்தியது, உடும்புத் தோல். மெல்லியது, தண்ணீர் பட்டதும் நன்றாகத் தளரும். ஆனால், வன உயிரின பாதுகாப்புச் சட்டம், 1972ன் முதல் அட்டவணையில் உடும்பு இருக்கிறது. அதை வேட்டையாடுவதும், தோலை விற்பதும், வாங்குவதும் குற்றம். எலியையும் பூச்சிகளையும் தின்று, விவசாயிக்கு உதவும் பிராணி அது. நம் வாத்தியத்துக்காக அது உயிர் விட வேண்டுமா?

இப்போது, ஆட்டுத் தோலிலும், செயற்கைத் தோலிலும் கஞ்சிரா செய்கின்றனர். செயற்கைத் தோலுக்கு ஒரு வசதி... மழை நாளில் தொய்வதில்லை. 'ஏசி' அறையில் விறைப்பதில்லை. 'பழைய நாதம் அப்படியே வருமா?' என்று கேட்கலாம். உடும்புத் தோலின் குழைவை முழுதாகக் கொண்டு வருவது எளிதல்ல. விரலும் புதிதாகப் பழக வேண்டும்.

'பாரம்பரியத்தை மாற்றலாமா?' என்று கேட்போரும் உண்டு. மான்பூண்டியா பிள்ளை செய்தது என்ன? கையில் கிடைத்ததை அப்படியே வைத்துக் கொள்ளாமல், தேவைக்கு ஏற்ப மாற்றினார். துளைகளைக் குறைத்தது அவர் காலம். தோலை மாற்றுவது உங்கள் காலம். புதிய கஞ்சிரா வாங்கும்போது, 'இது என்ன தோல்?' என்று கடைக்காரரிடம் தைரியமாகக் கேளுங்கள். உடும்பு என்றால், வேண்டாம் என்று சொல்லி விடுங்கள்.

மேடை ஒழுக்கம்!

பேஸ் கிடாரோ, கஞ்சிராவோ, துணை வாத்தியக்காரருக்கு முதல் பாடம், கேட்பது. பாடுபவர் குரலைத் தாழ்த்தினால், நீங்களும் தாழ்த்த வேண்டும். தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கம் முதலில் வாசிக்கும், கஞ்சிரா காத்திருக்கும். தன் முறை வந்ததும், மிருதங்கம் போட்ட கணக்குக்குப் பதில் சொல்லும். பிறகு மாறி மாறி, சுற்றுகளைக் குறைத்துக் கொண்டே வந்து, கடைசியில் எல்லாரும் ஒன்றாகச் சேர்ந்து முடிப்பர். நன்றாகக் கேட்காதவரால், அந்த இடத்தில் சேர முடியாது.

மேடைக்கு அரை மணி நேரம் முன்பே போய் விடுங்கள். பேஸ் கிடாருக்கு மாற்றுக் கம்பியும் கேபிளும், கஞ்சிராவுக்கு ஒரு சிறு பாட்டில் தண்ணீரும் பையில் இருக்கட்டும். முடிந்தால், இன்னொரு கஞ்சிராவும் இருந்தால் நல்லது.

பள்ளி ஆண்டு விழாவில் எல்லாருமே பாடகராக முடியாது. 'நான் ஓரமாகத்தானே உட்காருகிறேன்...' என்று யாரும் வருந்த வேண்டாம். நீங்கள் தாளம் தவறாமல் இருந்தால்தான், நடுவில் நிற்பவர் தைரியமாகப் பாட முடியும். அடுத்த கச்சேரியில், ஓரத்தில் இருப்பவருக்கும் சேர்த்துக் கைத்தட்டுங்கள், செல்லங்களே!